கடைசிக் குழித் தண்ணீர்

கட்டு மாற்றும் அறையில் மேஸ்திரி செய்த முதல் காரியம், சிஸ்டர் உறை பிரித்து வைத்த புதுக் கட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனதுதான்.

“ஐயோ, என்ன பண்றீங்க? அதைத் தொடவே கூடாது. உங்க கையில இருக்கற அத்தனை அழுக்கும் இப்ப அதுல ஏறியாச்சு!”

மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்து மோந்தார். உள்ளங்கை அகலத்தில், பழுப்பாக, நனைந்த தாள் மாதிரி இருந்தது அது. பல மாதங்களாகக் காணாமல் போயிருந்த ஒரு களை அவர் முகத்தில் வந்தது.

“இது நம்ம பட்டைதான?” என்று பெண்டாட்டி பக்கம் நீட்டினார். “இந்தா, நீ சொல்லு.”

பட்டைக்காரம்மா குனிந்து முகர்ந்தாள். தோல் பதனிடும் பட்டறையில் மரப்பட்டை இடிப்பது அவள் வேலை. அந்தத் துவர்ப்பு வாசனை அவள் தலைமுடியில், துணியில், சோறு பிசைகிற விரலில் எல்லாம் ஊறிப்போயிருந்தது. அறைக்குள் நுழைந்ததிலிருந்தே அந்த வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. தன் மேலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தாள்.

“அதேதாங்க,” என்றாள்.

“உங்க பட்டையோ எங்க பட்டையோ,” என்று சிஸ்டர் அதை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். வயதில் சின்னவள்தான், ஆனால் அதட்டலுக்குக் குறைவில்லை. “மரப்பட்டையில இருந்து எடுத்த சத்து இதுல இருக்குன்றது வாஸ்தவம். ஆறாத புண்ணுக்குன்னு இப்ப புதுசா வந்திருக்கு. அந்தத் துவர்ப்பு கிருமியை அடக்கும், வீக்கத்தை வாங்கும். ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். சுத்தம் பண்ணி, அளந்து வெச்சிருக்காங்க. ஒரு வாரம் இதை யாரும் பிரிக்கக் கூடாது. காலைக் கீழ ஊனக் கூடாது. உள்ள ஈரம் இருந்துக்கிட்டே இருக்கணும்.”

“ஈரமாவா?” மேஸ்திரிக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. “ஈரம் நின்னா அழுகும்மா.”

“செத்த தோலு அழுகும் ஐயா. இது உயிரோட இருக்கற காலு. ஈரம் இருந்தாத்தான் உள்ள சதை வளரும்.”

மேஸ்திரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டார். சிஸ்டர் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

புண் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே. ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு பொடிக்கல் இருந்திருக்கிறது. சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போன மனிதருக்கு அது தெரியவில்லை. அன்று முழுவதும் அதன் மேலேயே நின்று வேலை பார்த்திருக்கிறார். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினபோது பட்டைக்காரம்மாதான் ரத்தத்தைப் பார்த்தாள். அது நடந்தது போன மழைக்கு. இந்த மழையும் வந்துவிட்டது, புண் மட்டும் வாயைத் திறந்தபடியே இருக்கிறது. களிம்பு, ஊசி, மாத்திரை எதற்கும் மசியவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள் யார் யாரையோ விசாரித்து இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள். டாக்டரம்மா மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மகள் அம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டாள்: இந்தக் கட்டுக்கும் ஆறாமல் எலும்பு வரைக்கும் போய்விட்டால் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேஸ்திரிக்கு இதைச் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. சொல்லாமலே அவருக்கும் தெரியும்.

கால் போனால் மேஸ்திரி இல்லை. அந்தப் பட்டறையைப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

நீளமான தகரக் கொட்டகை. தரையில் வரிசையாகக் குழிகள், நடுவே ஆள் நடக்க ஈரப் பலகைகள். குழி நிறையப் பட்டைத் தண்ணீர். நனைந்த மாட்டுத் தோல் ஒன்றை ஒரு குழியிலிருந்து தூக்கி அடுத்த குழிக்கு மாற்ற இரண்டு ஆள் வேண்டும். இரண்டு பேரும் பலகை விளிம்பில் காலை அகட்டி ஊன்றி, கொக்கி போட்டு இழுக்க வேண்டும். கால் வழுக்கினால் ஆளும் தோலோடு உள்ளேதான். மேஸ்திரி அந்தப் பலகைகள் மேல் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பார். கோபம் அவருக்கு மூக்கு நுனியில். அந்த மூக்குதான் அவருக்குச் சோறும் போட்டது. குழியோரம் குனிந்து ஒரு மோப்பம் பிடித்தே தண்ணீரில் காரம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார்.

முதல் குழியில் இருப்பது பல தோல்களைப் பார்த்து வீரியம் போன பழைய தண்ணீர். வெளுத்த தேநீர் நிறத்தில் இருக்கும். குழி மாற மாறக் காரம் ஏறும். கடைசிக் குழியில் அன்றன்று இடித்த பட்டை ஊறிய புதுத் தண்ணீர், கன்னங்கரேல் என்று கிடக்கும். நாக்கில் ஒரு சொட்டு பட்டால் வாய் கோணிக்கொள்ளும். முடி களைந்து, சதை சீவி வந்த புதுத் தோல் முதல் குழியில்தான் இறங்க வேண்டும், மெல்ல மெல்லத்தான் கடைசிக் குழிக்கு வர வேண்டும். அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் கடைசிக் குழியில் போட்டால் மேல்பக்கம் சட்டென்று இறுகிவிடும். அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே ஏறாது. மேலே பார்த்தால் முதல் தரம், உள்ளே பதம் ஏறாத பச்சை. அந்தப் பச்சை வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே அழுகும்.

அதைக் கண்டுபிடிக்க ஓரத்தில் ஒரு கீற்று அரிந்து பார்க்க வேண்டும். வெட்டின இடம் முழுக்க ஒரே நிறம் என்றால் பதம். நடுவில் வெளிறிய கோடு ஒன்று ஓடினால் அந்தத் தோலைப் பசை காய்ச்சுகிறவன்தான் வாங்குவான். அப்படிக் கோடு தெரிகிற நாட்களில் மேஸ்திரி கத்தியை வீசிவிட்டு, “எவன் இதைக் கடைசிக் குழியில போட்டது?” என்று போடுகிற சத்தத்தில் கொட்டகையே நின்றுவிடும். பட்டை இடிக்கிற பெண்கள் கூட உலக்கையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். “உன் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு எவனோ மாட்டினான்,” என்று பட்டைக்காரம்மாவைச் சீண்டுவார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த மனிதர் கட்டிலில் கிடந்தார். காலுக்கடியில் இரண்டு தலையணை. வெளியே மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுவர் ஓரமெல்லாம் ஓதம் ஏறி, துவைத்த துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே கொடியில் தொங்கியது. வேலை இல்லாதவருக்கு வேலை என்ன? குற்றம் கண்டுபிடிப்பதுதான். சோறு குழைந்துவிட்டது என்றார். குழம்பில் உப்பு இல்லை என்றார். தனக்குப் பதிலாகக் குழியைப் பார்த்துக்கொள்கிறவனைப் பற்றித் தினமும் அவளைக் குடைந்தார்.

“இன்னிக்கு என்ன பண்ணான் அவன்?”

“வேலைதான் பண்ணாரு. நான் அவர் பின்னாடியா சுத்தறேன்? எனக்கு உலக்கை இருக்கு.”

“மூணாவது குழியை மாத்தினானா?”

“மாத்தினாங்க.”

“மோந்து பார்த்தானா? இல்ல, சும்மா கையை விட்டுப் பார்த்துட்டுப் போயிட்டானா?”

“யாரு மூக்கு யாரு குழியில இருந்துச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? சாப்பிடுங்க மொதல்ல.”

மறு வாரம் கட்டைப் பிரித்தபோது சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். விளக்கை இழுத்து வைத்து இரண்டு பேரையும் பார்க்கச் சொன்னாள். “தெரியுதா? சிவப்பு சிவப்பா, பொடிப் பொடியா இருக்கு பாருங்க. இது புதுச் சதை. இப்படியே போனா ரெண்டு மூணு மாசத்துல மூடிக்கும்.”

பட்டைக்காரம்மாவுக்குக் கொஞ்சம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. மேஸ்திரியின் கண்ணுக்கு வெறும் கொழகொழப்புதான் தெரிந்தது. வீடு வந்து கட்டிலில் காலை நீட்டின பிறகுதான் ஆரம்பித்தார்.

“சிவப்பா இருக்காம். பச்சைப் புண்ணு சிவப்பா இல்லாம பச்சையாவா இருக்கும்?”

“அவங்களுக்குத் தெரியாதாங்க? படிச்சவங்க.”

“தெரியும். யாரு இல்லேன்னா? பட்டைதான் மருந்துன்னு கண்டுபிடிச்சிருக்காங்களே, அதுக்கே கும்பிடு போடணும். ஆனா எவ்வளவு போடறாங்க பார்த்தியா? கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து குடுக்கற மாதிரி. ரெண்டு மூணு மாசமாம். அதுவரைக்கும் நான் இந்தக் கூரையைப் பார்த்துக்கிட்டே கிடக்கணுமா?”

“கிடங்களேன். யாரு உங்களை விரட்டறா?”

“உனக்கென்ன, நீ சொல்லுவ.” கொஞ்ச நேரம் கொடியில் தொங்கிய துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கிவிட்டது. “நீயும் அவளும் என்கிட்ட மறைக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? காலை எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. அதான?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “எடுக்கணும்னு சொல்லலை. ஆறலைன்னாத்தான்.”

“ஆறாது. ஈரத்தை வெச்சுப் பொத்தி வெச்சா எப்படி ஆறும்? நான் தோல்காரன்டீ. எனக்குத் தெரியாதா?” முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “நாளைக்கு ஒரு கேன்ல கொஞ்சம் பட்டைத் தண்ணி கொண்டா.”

“என்ன விளையாடறீங்களா? நீங்களா எதையும் போடக் கூடாதுன்னு சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.”

“இவ்வளவு காலமா அந்தத் தண்ணியிலதான் நின்னேன். என் கையில ஒரு சிரங்கு உண்டா? கத்தி பட்டா ஒரே நாள்ல காஞ்சு போகும். நீயே பார்த்திருக்க.”

அது பொய்யில்லை. குழியில் கைவிட்டு வேலை செய்கிறவர்களுக்குச் சின்ன வெட்டுக் காயங்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். அவளே பார்த்திருக்கிறாள்.

“எந்தக் குழித் தண்ணி?” என்று கேட்டாள். கேட்டதிலேயே பாதி சம்மதித்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“கடைசிக் குழி.”

“முதல் குழி போதாதா?”

“முதல் குழித் தண்ணியில மூஞ்சிதான் கழுவலாம்.”

“ஏங்க, புதுத் தோலை எடுத்த எடுப்புல கடைசிக் குழியில போட்டா ஆளையே அடிக்க வருவீங்க. இதுக்கு மட்டும் பரவாயில்லையா?”

மேஸ்திரி ஒரு கணம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவள் அதைப் பார்த்தாள். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“இது புதுத் தோலாடீ? ஐம்பத்தஞ்சு வருஷமா ஊறின தோலு! ஏற்கெனவே பாதி பதம் ஆயிடுச்சு!”

அவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கட்டில் சட்டம் கிறீச்சிட, வயிறு குலுங்க, பழைய மேஸ்திரியாகச் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. கத்தியை வைத்துவிட்டு, வெங்காயத்துக்கும் சிரிப்புக்குமாகக் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சிரித்துவிட்டதால் அதற்கப்புறம் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

மறுநாள் பழைய எண்ணெய்க் கேன் ஒன்றில் கொண்டு வந்தாள். மகள் கடையிலிருந்து வருவதற்குள் பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினாள். சிஸ்டர் போட்ட கட்டை மேஸ்திரி தன் கையாலேயே உரித்தார். தொட்டியில் காலை வைத்ததும் அவருக்கு எரியவில்லை, குளிரவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் “அப்பாடா,” என்றார். அறை முழுக்கப் பட்டை வாசனை நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க, பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுவரில் சாய்ந்திருக்கிற ஆளைப் பார்ப்பது போலவே இருந்தது. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும், நிறைந்துதான் போயிற்று.

தினமும் அப்படியே நடந்தது. முதலில் கசிவு நின்றது. அப்புறம் ஓரம் இறுகியது. அப்புறம் புண் முழுக்கக் கரும்பழுப்பாக, வழவழப்பாக ஒரு மூடி விழுந்தது. மேஸ்திரி விரல் முட்டியால் அதைத் தட்டிக் காட்டினார். டக் டக் என்றது.

“கேட்டியா சத்தம்? இதுக்குப் போய் ரெண்டு மூணு மாசம்ன்றாங்க.”

கட்டு மாற்றுகிற நாள் வந்தது. “மழையா இருக்கு, அடுத்த வாரம் போலாம்,” என்றார். சாயங்காலம் மகள் வந்து கேட்டாள்.

“போயிட்டு வந்தீங்களா? சிஸ்டர் என்ன சொன்னாங்க?”

“நல்லா ஆறுதுன்னாங்க,” என்றாள் பட்டைக்காரம்மா. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். மகள் அப்பாவின் காலில் இருந்த சாக்ஸைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்த தெளிவையும் பார்த்தாள். வீட்டில் யாரும் யார் மேலும் எரிந்து விழாத ஒரு சாயங்காலம் அது. அவளும் மேற்கொண்டு கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் சாக்ஸ் மாட்டிவிடும்போது பட்டைக்காரம்மா அந்த மூடி மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். தோல் பார்க்கிறவர்கள் அப்படித்தான் அழுத்துவார்கள். மேலே கட்டையாக இருந்தது, கீழே என்னவோ மெத்தென்று அமுங்கி ஒரு பக்கமாக நகர்ந்தது.

“உள்ள மெத்துனு இருக்குங்க.”

“சதை வளருதுடீ. அந்தப் பொண்ணு சொன்னதுதான், சதை வளருது. அது எங்க போய் வளரும்? உள்ளதான வளரும்?”

அது சரிதானே என்று அவளும் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரங்கள் அப்படியே ஒன்றன் பின் ஒன்றாகத் தவறின.

மேஸ்திரி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்கே போய்விட்டார். கொட்டகைக்குள் அவர் நுழைந்ததும் ஆட்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பலகை மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார்.

“அடேயப்பா, முதல் தரம்!” என்றான் ஒருவன். “மேஸ்திரி, மேல ஒரு முத்திரை குத்திடலாமா?”

“குத்துடா. ஏற்றுமதி பண்ணு!”

எல்லாரும் சிரித்தார்கள். பட்டை இடிக்கிற பெண்களும் சிரித்தார்கள். அன்றைக்கெல்லாம் அவர் குரல் கொட்டகையில் கேட்டுக்கொண்டே இருந்தது. உலக்கை போடுகிற ஒவ்வொரு தடவையும் அவள் அந்தக் குரலைக் கேட்டாள். கேட்க நன்றாக இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் அது நின்றுவிட்டது. நடுப்பகலில் யாரோ ஓடிவந்து கூப்பிட்டார்கள். மேஸ்திரி பலகை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். தொட்டால் உடம்பு கொதித்தது. தோல் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, மழையில் நனைய நனைய வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விஷயம் தெரிந்து மகளும் கடையிலிருந்து ஓடிவந்தாள்.

“காலைக் காட்டுங்க.”

“கால்ல ஒண்ணுமில்ல. நனைஞ்சேன், அதான் காய்ச்சல்.”

மகள் சாக்ஸை உருவினாள். உருவினவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, உனக்கு இந்த நாத்தம் தெரியலையா?”

பட்டைக்காரம்மா குனிந்து காலருகே முகத்தைக் கொண்டுபோனாள். நன்றாக மூச்சை இழுத்தாள்.

“பட்டை வாசனைதானேடீ வருது?” என்றாள்.

மகள் அவளையே பார்த்தாள். பிறகு அறை மூலையில் இருந்த தொட்டியையும் எண்ணெய்க் கேனையும் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைத் திருப்பிப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்திருந்தது. “என்ன போட்டீங்க இதுல?” என்று கேட்டார். சிஸ்டர்தான் கிட்டே வந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு முகமே மாறிவிட்டது.

“அந்தத் தண்ணியை ஊத்தினீங்களா?” சத்தம் போட்டுத்தான் கேட்டாள், ஆனால் பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. “ஆறிக்கிட்டு வந்துச்சே ஐயா. நான்தான் காட்டினேனே உங்களுக்கு. ஆறிக்கிட்டுத்தான் வந்துச்சு.”

மேஸ்திரி காய்ச்சல் வேகத்தில் என்னவோ முனகினார். சொந்த மனிதர் யாராவது காலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. மகளால் முடியாது. பட்டைக்காரம்மா இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கத்தி அந்த மூடியின் ஓரத்தில் இறங்கியது. ரத்தம் வரவில்லை. சர்ரென்று தோல் அரிகிற சத்தம்தான் வந்தது, அவளுக்குப் பழகின சத்தம். மூடியின் ஒரு கீற்று மடங்கி நின்றது. வெட்டின இடத்தில் மேலே மெல்லிசாக ஒரு பழுப்பு விளிம்பு, நகக்கண் கனம்கூட இருக்காது. அதற்குக் கீழே வெளிறிப்போய், ஊளைச் சதையாக, பச்சை. அவள் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த கணம் அழுத்தம் தாங்காமல் சீழ் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்து அவள் கை மேலெல்லாம் வழிந்தது.

“மேல மூடி போட்டு அடைச்சுட்டீங்க,” என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை, களைத்த குரலில்தான் சொன்னார். “உள்ள இருந்தது வெளிய வர வழியில்ல. எலும்புக்குப் போயிருக்கு, ரத்தத்துலயும் கலந்திருக்கு. இனி காலைப் பார்த்தா ஆளைக் காப்பாத்த முடியாது.”

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆள் பிழைத்தார். காய்ச்சல் விட்டது, சாப்பிட ஆரம்பித்தார், கேட்டால் கேட்டதற்குப் பதில் சொன்னார். பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, மழையைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். முத்திரை குத்தலாமா என்று கேட்டவன் மட்டும் உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்றுவிட்டுப் போனான். மகள் அப்பாவுக்கு எல்லாம் செய்தாள். அம்மாவோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, “இருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் போர்வை மேல் விழுந்தது. போர்வையில் ஒரு கால் மேடாகத் தெரிந்தது, இன்னொன்று பாதியில் தட்டையாகிப் போயிருந்தது. பட்டைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ பார்த்தியா?” என்றார் மேஸ்திரி.

“எதைங்க?”

“அந்தம்மா கத்தி போட்டப்ப. நீதான பிடிச்சிருந்த.”

அவள் அடுத்த துண்டை நறுக்கினாள்.

“ஓரத்துல நிறம் எவ்வளவு ஏறியிருந்துச்சு?”

பழத்தைக் கீழே வைத்தாள். சுண்டுவிரலை நீட்டி, நகத்தின் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

“அடியில?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். மகளிடம் சொன்ன மாதிரி இவரிடம் வரவில்லை. எத்தனையோ வருஷமாகத் தோலைப் பற்றி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதில்லை.

“பச்சை,” என்றாள்.

மேஸ்திரி தலையை ஆட்டினார். சத்தம் வரும் என்று அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அந்தச் சத்தம் வந்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. வரவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

“எவன் இதைக் கடைசிக் குழியில போட்டது.”

அதைக் கேள்வியாகக் கேட்டாரா, பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிற்றா தெரியவில்லை. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே பழுப்பு.

“நீ கேட்ட,” என்றார். “புதுத் தோலை அப்படிப் போடலாமான்னு அன்னிக்கே கேட்டியே.”

“கேட்டேங்க.”

“இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல?”

“நீங்க சிரிச்சீங்க,” என்றாள். “ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டேன்.”

சிஸ்டர் தட்டோடு வந்தாள். தையல் போட்ட இடத்தில் ஒரு மூலை சரியாகச் சேராமல் வாய் விட்டிருந்தது. அதைச் சுத்தம் செய்துவிட்டு உறையைப் பிரித்தாள். அதே பழுப்புத் துண்டுதான். அந்தத் துவர்ப்பு வாசனை மெல்ல எழுந்து கட்டிலைச் சுற்றி வந்தது.

“ஒரு வாரத்துக்கு யாரும் தொடக் கூடாது,” என்றாள், ஒருவர் முகத்தையும் பார்க்காமல்.

“சரிம்மா,” என்றார் மேஸ்திரி. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டு போட்டு முடிகிற வரைக்கும் மூச்சை வாயாலேயே இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.